அத்தா விட்டுச் சென்ற கார்

சுவாமிமலையில் காவிரிக்கரையை ஒட்டி எமது தந்தையாருக்கு ஒரு நெற்கிடங்கு இருந்தது. வணிகம் என்றோ முடிந்துவிட்டது. கிடங்கு மட்டும் எஞ்சியது. அதனுள் கிழிந்த சாக்குகள் போர்த்தியபடி அத்தாவின் கார் 34 ஆண்டுகள் கிடந்தது. 1989-இல் அவர்கள் மௌத்தான பிறகு அதை யாரும் வெளியே எடுக்கவில்லை.

அது 1967-இல் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இளைய வாசகர்கள் இப்பெயரைக் கேட்டிருக்க மாட்டார்கள். அம்பாசடர் வங்கத்து உத்தரபாராவிலும், ஃபியட் பம்பாய்க் குர்லாவிலும் உருவான நாட்களில், சென்னைக்கருகே வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் செய்த வண்டி இது. ஆங்கிலேயரின் டிரையம்ப் ஹெரால்டைத் தழுவி 1961-இல் தொடங்கி 1971 வரை வெளிவந்தது. 948 சி.சி. எஞ்சின். முன்மூடியும் விளக்குகளும் பக்கத் தகடுகளும் ஒன்றாகவே முன்னோக்கிச் சாயும். முதலை வாய் பிளக்கிறது என்று சிறுவயதில் நாம் அஞ்சி ஓடியதுண்டு.

அத்தா அதைப் பழைய காராகவே வாங்கினார்கள். நெல் பார்க்கச் சென்றதைவிட, பிரசவ வலி கண்ட பெண்களைக் கும்பகோணத்து மருத்துவமனைக்கு ஏற்றிச் சென்றதே அதிகம் என்று எம் தாயார் சலித்துக்கொள்வார்கள். அந்தச் சலிப்பில் சிறிது பெருமையும் இருக்கும்.

நிற்க. 2023-இல் கிடங்கின் கூரை சரியத் தொடங்கவே, காரை வெளியே இழுக்க வேண்டியதாயிற்று. கும்பகோணத்திலிருந்து முதிய மெக்கானிக் ஒருவர் வந்தார். இருக்கைகளில் எலிகள் குடித்தனம் நடத்தியிருந்தன. அடிச்சட்டத்தின் பக்கக் கைகள் ஆற்று ஈரத்தில் அப்பளமாய் நொறுங்கின. எஞ்சின் இறுகிக் கிடந்தது. அவர் பிளக்குகளைக் கழற்றி, அத்துளைகளில் டீசலும் எண்ணெயும் கலந்து ஊற்றிப் பத்து நாள் ஊறவிட்டார். பின்னர் ஸ்பேனரை மாட்டி, அரை விரற்கடை இப்படி, அரை விரற்கடை அப்படி. பதினோராம் நாள் ஒரு முழுச்சுற்று வந்தது. அன்று அவர் தேநீர்கூட அருந்தாமல் வீடு சென்றார்.

பெரும் இடர் வேறிடத்தில் இருந்தது. ஹெரால்டில் முன்சக்கரம் திரும்பும் தண்டின் அடிமுனை ஒரு வெண்கலக் கட்டையில் மரையாக இறங்கிச் சுழல்கிறது. அதற்குக் கியர் எண்ணெய் விட்டுவர வேண்டும். வற்றவிட்டால் மரை தேயும், நீர் புகுந்து தண்டு துருவேறும், ஓடும்போதே சக்கரம் ஒடிந்து மடியும். எமது வண்டியில் ஒரு கட்டை தேய்ந்திருந்தது.

வெண்கலம் என்றதும் சுவாமிமலைக்காரரின் கால் ஸ்தபதியார் பட்டறைக்குத்தானே செல்லும்? அவர் கட்டையை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். “பாய், சிலைக்கு நாங்க வார்க்கிறது செம்பும் பித்தளையும் ஈயமும். சிலை நிக்கிறது, இது சுமக்கிறது. ஓடுறப்போ ஒடிஞ்சா யாரு பதில் சொல்றது?” என்று திருப்பிக் கொடுத்தார். தம் கலையின் எல்லையை அறிந்து கூறிய அச்சொல்லுக்காகவே அவர்மீது எமக்கு மதிப்பு உயர்ந்தது. கட்டையை இங்கிலாந்திலிருந்து வரவழைத்தோம். பின் இடப்புறக் கண்ணாடியின் கைப்பிடி மட்டும் நெடுங்காலமாக இல்லை. அதை அவரே ஏற்றார். மற்றக் கைப்பிடியைப் பார்த்து மெழுகில் வடித்து, காவிரி வண்டல் பூசிக் காயவைத்து, சுட்டு மெழுகை வடியவிட்டு, உலோகம் வார்த்துத் தந்தார்.

கார் ஓடியது. சென்னையிலிருந்து பழங்கார் சேகரிப்பவர் ஒருவர் வந்து நல்ல விலை சொன்னார். 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கென 2021-இல் வந்த விதிப்படி பதிந்துகொள்வதாகவும், பழைய எண்ணே நிலைக்கும் என்றும், கண்காட்சிக்கும் அணிவகுப்புக்குமன்றி அன்றாடம் ஓட்டலாகாது என்றும் விளக்கினார். நமக்கு ஆசை வந்ததை மறைப்பதற்கில்லை.

அரபு மொழியில் இன்று காருக்கு வழங்கும் சொல் ஸய்யாரா. சூரா யூஸுஃபில் அதே சொல் பயணக் கூட்டத்தைக் குறிக்கிறது. கிணற்றிலிருந்து யூஸுஃப் (அலை) அவர்களை வெளியே எடுத்தது அந்த ஸய்யாராதான். எடுத்த பின் சரக்காக்கி விற்கப்பட்டதும் அங்கேயே வருகிறது. அவ்விடத்தைப் பலமுறை பாடம் நடத்தியிருக்கிறோம். அன்று அது நினைவில் எழவில்லை.

விற்பதற்குக் கார் எமது பெயருக்கு மாற வேண்டும். போக்குவரத்து அலுவலகத்தில் இருந்த இளைஞர் பணிவாகவே கேட்டார்: “வாரிசுச் சான்றிதழ்? மற்ற வாரிசுகளோட ஒப்புதல் கையெழுத்து?”

பராயிள் பாடத்தை முப்பது ஆண்டுகளாகக் கற்பிக்கும் நாம் அங்கே வாயடைத்து நின்றோம். நிலத்தையும் வீட்டையும் அன்றே முறைப்படி பிரித்தோம். காரைப் பழைய இரும்பு என்று பட்டியலிலேயே சேர்க்கவில்லை. தாயாரும் மறைந்துவிட்டதால் இரு ஆண் மக்கள், ஒரு பெண்: ஐந்தில் ஒரு பங்கு தமக்கையாருக்குரியது. பங்காளிகளைக் கேளாமல் பொதுச் சொத்தில் செலவிட்டவர் அதைத் திரும்பக் கோர முடியாது என்பதும் நாம் நடத்தும் பாடமே. ஆக, செலவு எம்முடையது, கார் மூவருடையது.

சிங்கப்பூரிலிருக்கும் தம்பி உடனே சம்மதித்தான். பாபநாசத்திலிருக்கும் தமக்கையாரிடம் நேரில் சென்றோம். விட்டுக்கொடுத்துவிடுவார் என்று உள்ளூர எதிர்பார்த்தோம் என்பதை வெட்கத்துடன் எழுதுகிறோம்.

“கையெழுத்துப் போடறேன் தம்பி. ஆனா என் பங்கை விட்டுட்டேன்னு எழுதிடாதே. காசாவும் வேணாம்,” என்றார். சற்றுப் பொறுத்து, “அந்தக் கண்ணாடிக் கைப்பிடி... கலியாணத்தன்னிக்கு ஒடிச்சது நான்தான். இந்த ஊரு எல்லை வர்ற வரைக்கும் அழுதுகிட்டே சுத்திக்கிட்டு வந்தேன். அத்தா ஒண்ணுமே சொல்லலை,” என்றார்.

சென்னைக்காரருக்கு இல்லை என்று கடிதம் எழுதினோம். புதிய விதியின்கீழ்ப் பதியாமல், சாதாரண முறையிலேயே புதுப்பிக்க விண்ணப்பித்தோம். சான்றுகள் கைக்கு வந்த மறுநாள் தமக்கையாரைப் பின் இருக்கையில் இடப்புறம் அமர்த்திக் கும்பகோணம் வரை சென்று வந்தோம். வார்ப்புக் கைப்பிடி கனம் கூடியது. கண்ணாடி பாதியில் நின்றுவிடுகிறது. மெக்கானிக் கழற்றி இலகுவாக்கித் தருவதாகச் சொன்னார். தமக்கையார் அதைத் தொட விடவில்லை.