விடிய விடிய வீடியோ கேமும் பழவேற்காட்டுப் பாடும்

உலகத்திலேயே ரொம்ப போரடிக்கிற வீடியோ கேம் எது என்று ஒரு போட்டி வைத்தால் 'டெசர்ட் பஸ்' சுலபமாக ஜெயித்துவிடும். அமெரிக்காவின் டூசான் நகரத்திலிருந்து லாஸ் வேகாஸுக்கு ஒரு காலி பஸ்ஸை ஓட்ட வேண்டும். அதிகபட்ச வேகம் மணிக்கு 45 மைல். போய்ச் சேர எட்டு மணி நேரம், நிஜமான எட்டு மணி நேரம். நடுவில் நிறுத்தி வைக்கிற வசதி கிடையாது. பஸ் லேசாக வலது பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும் என்பதால் பட்டனை டேப் போட்டு ஒட்டிவிட்டுத் தூங்கவும் முடியாது. ஊர் போய்ச் சேர்ந்தால் பரிசு ஒரே ஒரு பாயின்ட். அப்புறம் திரும்பி வரலாம், இன்னொரு பாயின்ட்! 1995-ல் பென் அண்ட் டெல்லர் என்ற மேஜிக் இரட்டையர்களுக்காகக் கிண்டலாகத் தயாரான இந்த கேம், அப்போது கடைக்கே வரவில்லை.

இதை வைத்துத்தான் 2007 நவம்பரில் கனடாவின் விக்டோரியா நகரத்து 'லோடிங்ரெடிரன்' என்ற நகைச்சுவைக் குழு நிதி திரட்ட உட்கார்ந்தது. ஆஸ்பத்திரியில் இருக்கும் குழந்தைகளுக்கு பொம்மையும் கேமும் வாங்கித் தரும் 'சைல்ட்ஸ் ப்ளே' அமைப்புக்காக. கணக்கு எளிமையானது. முதல் மணி நேரம் ஓட்ட ஒரு டாலர் நன்கொடை வேண்டும். அடுத்த ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஏழு சதவீதம் கூடிக்கொண்டே போகும். கூட்டு வட்டி படித்தவர்கள் போட்டுப் பாருங்கள். நூறாவது மணி நேரத்தின் விலை மட்டும் 800 டாலரைத் தாண்டும். அதுவரைக்குமான மொத்தம் 12 ஆயிரம் டாலருக்கு மேல். அந்த முதல் வருடமே 20 ஆயிரம் டாலருக்கு மேல் வந்தது. அதற்குப் பிறகு வருடா வருடம் நடக்கிறது.

2010 ஜனவரியில் இன்னொரு கூட்டம் இதையே வேறு மாதிரி செய்தது. பழைய கேம்களை எவ்வளவு சீக்கிரம் முடிக்க முடியும் என்று பந்தயம் கட்டி ஆடுகிறவர்கள் அவர்கள். 'கேம்ஸ் டன் குயிக்' என்று பெயர். நடத்த நினைத்த ஹோட்டலில் இன்டர்நெட் காலை வாரியதால், அமைப்பாளரின் அம்மா வீட்டு பேஸ்மென்டுக்கு மூட்டை முடிச்சோடு போய் அங்கிருந்து ஒளிபரப்பினார்கள். பத்தாயிரம் டாலர் சேர்ந்தது. பத்து வருடம் கழித்து, 2020 ஜனவரியில் நடந்த ஒரே நிகழ்ச்சியில் புற்றுநோய்த் தடுப்புக்காக 30 லட்சம் டாலருக்கு மேல்!

பேரும் புகழும் கன்ட்ரோலர் பிடிக்கிற ஆளுக்குத்தான். ஆனால் இந்த மாதிரி நிகழ்ச்சி ஒரு வாரம் நிற்காமல் ஓடுவது கன்ட்ரோலரைத் தொடாத தன்னார்வலர்களால். அவர்கள் என்ன செய்கிறார்கள்?

முதலில் அட்டவணை. எந்த கேம் எத்தனை நிமிஷம், நடுவில் கருவி மாற்ற எத்தனை நிமிஷம், அடுத்து ஆடுகிறவர் வந்து உட்கார்ந்துவிட்டாரா என்று ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இரவு மூன்று மணி ஆட்டக்காரர் தூங்கிப் போனால் எழுப்புவதும் அவர் வேலைதான். அடுத்து நன்கொடையோடு வரும் செய்திகள். ஆயிரக்கணக்கில் வரும், அதில் நல்லதும் இருக்கும், வசவும் இருக்கும். ஒரு கூட்டம் அவற்றைப் படித்துச் சலித்துக் கொடுத்த பிறகுதான் மைக் பிடித்தவர் வாசிப்பார். மூன்றாவது கணக்கு. 'சூப்பர் மெட்ராய்ட்' கேமின் கடைசியில் விலங்குகளைக் காப்பாற்றுவதா, விட்டுவிட்டு ஓடுவதா என்று பார்வையாளர்கள் பணத்தால் ஓட்டுப் போடுவார்கள். இரண்டு பக்கமும் எவ்வளவு வந்தது என்று ஒரு டாலர் பிசகாமல் சொல்ல வேண்டும். பிசகினால் அத்தோடு நம்பிக்கை போச்சு. 'டெசர்ட் பஸ்' ஆட்களோ நாளை நான்காகப் பிரித்து ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் ஒரு பெயரே வைத்துவிட்டார்கள்.

ஆக மொத்தம் தன்னார்வலர் வேலை என்பது இரண்டே விஷயம்தான். முறை தவறாமல் பார்ப்பது, கணக்கு தவறாமல் பார்ப்பது.

இது வெள்ளைக்காரர் விளையாட்டு என்று நினைத்துவிட வேண்டாம். 2020 ஏப்ரல் 11 அன்று, ஊரடங்கில் ஜெர்மனியில் மாட்டிக்கொண்டிருந்த விஸ்வநாதன் ஆனந்தும் இன்னும் ஐந்து இந்திய வீரர்களும் இணையத்தில் ரசிகர்களோடு செஸ் ஆடி, கொரோனா நிவாரணத்துக்கு நாலரை லட்சம் ரூபாய் திரட்டினார்கள். 2021 மே 13 அன்று ஆனந்த், கொனேரு ஹம்பி, ஹரிகா, நிஹால் சரின், சென்னைப் பையன் பிரக்ஞானந்தா ஆகியோர் மறுபடி ஆடினார்கள். இந்த முறை சுமார் 37 லட்சம். அடுத்த மாதம் பிரபலங்களோடு ஆனந்த் ஆடிய ஆட்டத்தில் ஒரு தொழிலதிபர் கம்ப்யூட்டர் உதவியோடு நகர்த்தியது வெளியே வந்து, அவரே ஒப்புக்கொண்டார். எல்லாம் தர்மத்துக்குத்தானே என்று யாரும் விட்டுவிடவில்லை. சமூக வலைத்தளங்களில் பெரிய சண்டையே நடந்தது. சண்டை நியாயமானதுதான். ஆட்டத்தில் நேர்மை இல்லை என்றால் உண்டியலையும் சந்தேகப்படுவார்கள்.

இப்போது ஒரு கற்பனை. சென்னைக் கல்லூரி ஒன்றின் கேமிங் கிளப், பழவேற்காட்டு மீனவ கிராமங்களுக்காக 24 மணி நேர மாரத்தான் நடத்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர்தான். சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திராவில், தெற்குப் பகுதி திருவள்ளூர் மாவட்டத்தில். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா. டச்சுக்காரர்கள் 1613-ல் இங்கே கெல்டிரியா கோட்டை கட்டினார்கள். அவர்களுடைய கல்லறைகளைப் பார்க்க இன்றைக்கும் ஆட்கள் வருகிறார்கள். வருகிறவர்கள் பலரும் கல்லறை, பூநாரை, வறுத்த மீன் மூன்றையும் முடித்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அட்டவணை போடத் தெரிந்த அந்த கிளப் பசங்கள் பார்க்க வேண்டியதோ வேறு ஒன்று. அதற்குப் பெயர் 'பாடு'.

ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தை ஒட்டி, ஏற்றவற்றத்தோடு இறால் போய் வரும் இடங்கள் சில உண்டு. அங்கே கழி நட்டு வலை கட்டினால் நல்ல இறால். ஆனால் நல்ல இடம் கொஞ்சம், வலைக்காரர்கள் நிறைய. முந்துகிறவனுக்கே இடம் என்று விட்டால் தினம் அடிதடிதான். அதனால் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் போன்ற ஊர்களில் பல தலைமுறையாக ஒரு ஏற்பாடு. யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதைக் குலுக்கலும் சுழற்சியுமாக ஊரே முடிவு செய்யும். இன்றைக்கு நல்ல இடம் கிடைத்தவருக்கு அடுத்த முறை சுமாரான இடம். அதிர்ஷ்டம் யாரிடமும் தங்கிவிடாது. மீறினால் ஊர்ப் பஞ்சாயத்து கேட்கும். இதை ஆராய்ச்சியாளர்கள் வந்து படித்து, ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண் அமைப்பு வரைக்கும் எழுதியிருக்கிறார்கள்.

'பாடு' என்ற சொல்லைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மீன் பிடிக்கிற இடமும் முறையும் பாடு. கிடைக்கிற மீன் மீன்பாடு. உழைப்பதும் பாடுபடுவதுதான். கஷ்டமும் பாடுதான். ஒரே சொல்லில் வேலை, பங்கு, துன்பம் மூன்றும். எந்த மேனேஜ்மென்ட் புத்தகத்திலும் இவ்வளவு சிக்கனமான சொல் இருக்காது :-)

மாரத்தான் ஷிஃப்டும் பாடும் ஒரே சாதிதான் என்று சொல்லிவிடத் தோன்றும். முக்கியமான வித்தியாசம் ஒன்று இருக்கிறது. மாரத்தானில் ஒருவர் முறை தவறினால் திரை கொஞ்ச நேரம் வெறுமையாக இருக்கும். ஏரியில் ஒருவர் முறை தவறினால் அன்றைக்கு அந்த வீட்டு வருமானம் போய்விடும். அடுத்த முறை வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

சரி, பணம் வந்துவிட்டது. என்ன வாங்கிக் கொடுப்பது? நகரத்தில் உட்கார்ந்து யோசித்தால் முதலில் தோன்றுவது படகு. மீனவர் என்றால் படகு, முடிந்தது கதை! இந்த யோசனை ஏற்கெனவே ஒரு தடவை சோதித்துப் பார்க்கப்பட்டதுதான். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடற்கரைக்கு உதவி குவிந்தது. கொடுத்தவர்கள் மனது நல்லதுதான். ஆனால் போட்டி போட்டுக்கொண்டு ஃபைபர் படகு கொடுத்ததில், பல இடங்களில் இழந்த படகுகளைவிட வந்து இறங்கியவை அதிகம். படகு கூடினால் மீன் கூடுமா? இருக்கிற மீனுக்கே ஆள் அதிகமானார்கள். பாடு மாதிரி ஒரு ஏற்பாடு எண்ணிக்கையை நம்பித்தான் நிற்கிறது. வரிசையில் இத்தனை பேர், இடம் இத்தனை. அந்தக் கணக்கைக் கேட்காமல் வெளியிலிருந்து வலையோ படகோ கொண்டுபோய் இறக்குவது, அட்டவணை நிரம்பிய மாரத்தானில் சொல்லாமல் கொள்ளாமல் நூறு ஆட்டக்காரரைக் கொண்டுவந்து உட்கார வைப்பது மாதிரி.

அப்படியானால் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுவிட்டால் போதுமா? அங்கேதான் இன்னொரு சிக்கல். பாடு அழகான ஏற்பாடுதான், உள்ளே இருப்பவர்களுக்கு. அந்த வரிசையில் இடம் பட்டினவர் குடும்பங்களுக்கு, அதிலும் ஆண்கள் பெயரில். இதே ஏரியை நம்பி தலித் குடும்பங்களும் இருளர் குடும்பங்களும் இருக்கின்றன. இருளர் பெண்கள் வலை இல்லாமல் தண்ணீரில் இறங்கிக் கையாலேயே தடவி இறால் பிடிக்கிறார்கள். நல்ல இடங்கள் பாட்டுக்காரர்களுக்கு என்றால் மற்றவர்களுக்கு மிச்சம்தான். இதை வைத்து ஏரியில் மோதல்களும் நடந்திருக்கின்றன. பாட்டுக்காரர்களிடமும் பதில் இல்லாமல் இல்லை. முகத்துவாரம் மண் தூர்ந்து அடைத்துக்கொள்கிறது, ஏரி ஆழம் குறைகிறது, இருக்கிற எங்களுக்கே போதவில்லை, வரிசையை எப்படி நீட்டுவது என்று கேட்கிறார்கள். இரண்டு பக்கமும் வயிற்றுப்பாடு.

ஆகவே முறையும் கணக்கும் பார்க்கத் தெரிந்தால் மட்டும் நல்ல தன்னார்வலர் ஆகிவிட முடியாது. மூன்றாவதாக ஒன்று வேண்டும். பட்டியலில் யார் பெயர் இல்லை என்று பார்க்கிற கண். இது மாரத்தானுக்கும் பொருந்தும். கேமரா முன்னால் வருகிறவர் யார், விடியற்காலை நாலு மணிக்கு ஒயர் சுற்றி வைக்கிறவர் யார், ஒவ்வொரு முறையும் அதே ஆள்தானா என்று ஒரு கிளப் தன்னையே கேட்டுக்கொள்ளலாம். பாட்டின் நல்ல குணத்தை எடுத்துக்கொண்டு ஷிஃப்டுகளைச் சுழற்றலாம். மாலை ஏழு மணி எல்லாருக்கும் ஒரு நாள், விடியற்காலை நாலு மணியும் எல்லாருக்கும் ஒரு நாள்.

கற்பனை கிளப் நிஜமாகவே கிளம்பினால் செய்ய வேண்டியது அப்படியொன்றும் கஷ்டமில்லை. ஒளிபரப்புத் தேதி குறிப்பதற்கு முன்னால் பழவேற்காட்டுக்கு பஸ் பிடிக்கலாம். ஊர்ப் பஞ்சாயத்தையும் கேட்கலாம், மீன் விற்கிற பெண்களையும் கேட்கலாம், இருளர் குடியிருப்பையும் கேட்கலாம். மூன்று இடத்திலும் மூன்று பதில் வரலாம். படகு வேண்டும் என்று யாருமே சொல்லாமலும் போகலாம். வந்த பதில்களை மைக்கில் அப்படியே சொல்லிவிட்டு, எதற்கு எவ்வளவு என்று திரையில் போட்டுவிட்டு ஆட ஆரம்பிக்கலாம். முடிந்த பிறகு கணக்கை அந்த ஊரிலேயே போய்ப் படித்துக் காட்ட வேண்டும். பணம் கொடுத்தவர்களுக்கு மட்டும் கணக்கு காட்டுவது பாதி வேலைதான்.

டெசர்ட் பஸ்ஸில் எட்டு மணி நேரத்துக்கு ஒரு பாயின்ட். ஊருக்குப் போய் உட்கார்ந்து கேட்பதற்கு அதுவும் கிடைக்காது. ஆனாலும் அந்த ஷிஃப்டுக்குத்தான் முதலில் ஆள் தேவை.