சிதம்பரத்தில் சென்னை மேயர்!

கடலூரில் இறங்கியதும் நாங்கள் முதலில் போனது தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு. "சில்வர் பீச்" என்று சொன்னால்தான் ஆட்டோக்காரருக்குப் புரிகிறது. அலையில் கால் நனைக்கப் போகிறவர்கள்தான் அங்கே அதிகம். எனக்கோ செயின்ட் டேவிட் கோட்டையைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. கோட்டை என்றதும் மதில், அகழி, கொத்தளம் என்றெல்லாம் கற்பனை செய்துகொண்டு போய்விடாதீர்கள்! 1758-ல் பிரெஞ்சுக்காரர்கள் அதைப் பிடித்து இடித்தே தள்ளிவிட்டார்கள். சிதிலம்தான் பாக்கி.

இருந்தாலும் அதற்கு ஒரு ருசிகரமான கதை உண்டு. 1690-ல் கிழக்கிந்தியக் கம்பெனியார் கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கினார்கள். கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும் என்பதற்கு ஒரு விசித்திரமான ஏற்பாடு. பீரங்கியை வைத்துச் சுட வேண்டியது. குண்டு எதுவரை போய் விழுகிறதோ அதுவரை கம்பெனிக்குச் சொந்தம்! நாம் அரை கிரவுண்டு மனை வாங்கவே சர்வேயரை நாலு தடவை அழைத்து அளக்கச் சொல்கிறோம். இவர்கள் குண்டு போட்டே அளந்துவிட்டார்கள். "குண்டு கிராமங்கள்" என்று அந்த ஊர்களுக்குப் பெயரும் நிலைத்தது. துணி வாங்க வந்த வியாபாரிகள் இப்படித்தான் ஆட்சிக்கு வந்தார்கள்.

"வியாபாரி கையில் ஊர் போனால் இந்தக் கதிதான் அண்ணி" என்றாள் என் நாத்தனார்.

"எல்லா வியாபாரியும் ஒரே மாதிரி இல்லை. சிதம்பரத்துக்கு வா, வேறு ஒரு குடும்பத்தைக் காட்டுகிறேன்" என்றேன்.

அவளுக்குச் சிதம்பரம் போவதற்குச் சொந்தக் காரணம் ஒன்றும் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

மஞ்சக்குப்பத்தில் பஸ் பிடித்தோம். கடலூருக்கு நகராட்சி வந்தது 1866-ல். 2021-ல் அது மாநகராட்சியாக உயர்ந்து, அடுத்த ஆண்டே சுந்தரி ராஜா என்ற பெண்மணி முதல் மேயரானார். சிதம்பரம் நகராட்சிக்கு வயது கொஞ்சம் குறைவு, பிறந்தது 1873-ல். இரண்டு ஊருக்கும் நடுவே சுமார் 45 கிலோமீட்டர். பழைய கடலூரைத் தாண்டி, ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று பஸ் போகிறது. பரங்கிப்பேட்டைக்குப் பிரிகிற சாலையில் கைகாட்டி மரத்தைப் பார்த்ததும், 1781-ல் அங்கே ஹைதர் அலியும் ஆங்கிலேயரும் மோதிய சண்டையைப் பற்றி ஆரம்பித்தேன். நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டுவிட்டாள். சண்டை பாதியில் நின்றது.

சிதம்பரத்தில் எல்லோரும் முதலில் கோயிலுக்குப் போவார்கள், நாங்களும் போனோம். நடராஜரைப் பற்றி இந்தப் பக்கங்களில் எவ்வளவோ பேர் எழுதியிருப்பதால் நான் நேரே ரயில் பாதைக்குக் கிழக்கே போய்விடுகிறேன். அங்கே இருப்பது வேறு ஒரு ஊர். பெயரே அண்ணாமலை நகர்!

செட்டிநாட்டிலிருந்து புறப்பட்ட லேவாதேவிக் குடும்பங்கள் பர்மா, இலங்கை, மலேயா என்று கடல் கடந்து போய்ப் பெட்டியடி வைத்துப் பணம் சேர்த்தன. அப்படி ஒரு குடும்பத்தில் 1881-ல் பிறந்தவர் ராஜா சர் அண்ணாமலை செட்டியார். சம்பாதித்ததில் ஒரு பங்கைக் கோயில் திருப்பணிக்குக் கொடுப்பது நகரத்தார் வழக்கம். இவர் ஒரு படி மேலே போய், 1920-ல் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரியை ஆரம்பித்தார். அது வளர்ந்து 1929-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் ஆயிற்று. அதற்காக அவர் கொடுத்த நன்கொடை 20 லட்ச ரூபாய். இந்தக் காலத்து 20 லட்சத்தை நினைத்துக்கொள்ளாதீர்கள்!

அப்பா சிதம்பரத்தில் கட்டிடம் எழுப்பிக்கொண்டிருந்தபோது, மகன் முத்தையா செட்டியார் சென்னையில் வேறு ஒரு கட்டிடத்துக்குள் நுழைந்துவிட்டார். ரிப்பன் மாளிகைதான் அது. 1905-ல் பிறந்தவர், 1932-ல் சென்னை மாநகராட்சியின் தலைவர். மறு வருஷம் சட்டம் மாறி, தலைவர் பதவி மேயர் பதவியாயிற்று. முப்பது வயதுகூட நிரம்பாத அவரே மேயரானார். "சென்னையின் முதல் மேயர்" என்று அவரைச் சொல்வது முழுவதும் சரியல்ல. 1688-ல் மாநகராட்சி ஏற்பட்டபோதே நதானியேல் ஹிகின்சன் என்ற ஆங்கிலேயர் மேயராக இருந்திருக்கிறார். நடுவில் மறைந்து போன பதவிக்கு மறுபடி உயிர் வந்தபோது, முதலில் உட்கார்ந்தவர் முத்தையா செட்டியார்.

அந்த வயதில் அந்த நாற்காலி சொந்தத் திறமையால் மட்டும் கிடைத்தது என்று நான் சொல்ல மாட்டேன். சொத்தும் வரியும் உள்ளவர்களுக்கே ஓட்டு இருந்த காலம் அது. செல்வந்தர் வீட்டுப் பிள்ளைக்கு வழி விலகி நிற்க நிறையப் பேர் இருந்திருப்பார்கள். 2022-ல் அதே மாளிகையில், ஏறக்குறைய அதே வயதில், 28 வயதுப் பிரியா ராஜன் அங்கியும் சங்கிலியும் அணிந்து மேயராக உட்கார்ந்தார். தலித் சமூகத்துப் பெண் ஒருவர் அங்கே மேயராவது அதுதான் முதல் தடவை. இரண்டு பேருக்கும் நடுவே 89 வருஷம்!

மேயர் பதவியிலிருந்து மந்திரி பதவி. பொப்பிலி ராஜாவின் ஜஸ்டிஸ் கட்சி மந்திரி சபையில் 1936-ல் முத்தையா செட்டியார் சேர்ந்தார். 1937 தேர்தலில் காங்கிரஸ் அலையில் அந்தக் கட்சியே அடித்துச் செல்லப்பட்டது. 1948-ல் தந்தை காலமானதும் பல்கலைக்கழகத்தின் இணைவேந்தர் பொறுப்பு இவர் கைக்கு வந்தது. 1984-ல் மறையும்வரை அது இவரிடமே இருந்தது.

இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரத்தில் இதே போல ஒருவர் உண்டு. ஜோசப் சேம்பர்லின் என்று பெயர். திருகாணி செய்து விற்றுப் பணக்காரரானவர். நம் சிதம்பரம் நகராட்சி பிறந்த அதே 1873-ல் அவர் அந்த ஊர் மேயரானார். தனியார் கையில் இருந்த எரிவாயுவையும் குடிதண்ணீரையும் நகரசபைக்கு வாங்கினார். 1900-ல் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகம் ஏற்பட்டபோது முதல் வேந்தரும் அவர்தான். கடை, நகரசபை, கல்லூரி! பணம் படைத்தவர்கள் இந்த மூன்றையும் எங்கேயும் ஒரே வழியில்தான் கோக்கிறார்கள் போலிருக்கிறது.

ஆனால் பர்மிங்ஹாமில் இல்லாதது அண்ணாமலை நகரில் உண்டு. பாட்டு! இங்கே இசைக் கல்லூரி ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது. தமிழில் பாட வேண்டும் என்ற கிளர்ச்சிக்கு 1941-ல் மாநாடு கூடியதும் இங்கேதான். தண்டபாணி தேசிகர் இங்கே ஆசிரியராக இருந்தவர். உ. வே. சாமிநாதையர் மீனாட்சி தமிழ்க் கல்லூரிக்குத் தலைவராக இருந்திருக்கிறார். விபுலாநந்த அடிகள் இலங்கையிலிருந்து வந்து தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தார். மர நிழலில் நடந்துகொண்டே இந்தப் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். நாத்தனார் இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. காரணம், அவளும் இந்தப் பல்கலைக்கழகத்து மாணவி!

ஆமாம், இதுவரை இந்த வாசலை மிதிக்காத மாணவி. 1979-ல் இங்கே தபால் வழிக் கல்வி ஆரம்பமாயிற்று. கல்யாணமாகி, இரண்டு குழந்தை பெற்று, சமையலறை மேடையில் பாடப் புத்தகத்தை வைத்துக்கொண்டு பி.ஏ. முடித்தவள் அவள். இப்படிப் படித்த பெண்கள் தெருவுக்கு ஒருத்தியாவது இருப்பார்கள். "காலேஜ் எப்படி இருக்கும் என்று புத்தகக் கட்டு வரும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன் அண்ணி. இவ்வளவு மரம் இருக்கும் என்று நினைக்கவில்லை" என்றாள். ஒரு தூணைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

இங்கே எல்லாம் மரமும் பாட்டுமாக மட்டும் இருந்ததில்லை. 1965 ஜனவரி 27-ந் தேதி, இந்தித் திணிப்பை எதிர்த்து ஊர்வலம் போன மாணவர்கள் மீது போலீஸார் சுட்டார்கள். ராஜேந்திரன் என்ற மாணவர் இறந்தார். அவருக்கு இங்கே சிலை இருக்கிறது. நன்கொடை கொடுத்தவரின் சிலையைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள், இதையும் பார்த்துவிட்டு வர வேண்டும்.

நிறுவியவர் குடும்பத்திலேயே இணைவேந்தர் பதவி வழிவழியாகத் தொடர்ந்தது ஒரு காலத்தில் பெரிய பலம். யாரும் ரூபாய் கொடுக்க முன்வராத நாளில், கொடுத்தவர்கள் அவர்கள். பிற்பாடு அதுவே பாரமாயிற்று. தேவைக்கு மேல் ஆட்களை நியமித்து, சம்பளம் கொடுக்க முடியாத நிலைமை வந்துவிட்டது. 2012-ல் சம்பளத்தைக் குறைக்கப் போவதாகப் பேச்சு எழுந்ததும் ஊழியர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். 2013-ல் தமிழக அரசு தனிச் சட்டம் கொண்டுவந்து நிர்வாகத்தை ஏற்றுக்கொண்டது. உபரி ஊழியர்கள் பலரை வேறு ஊர் அரசுக் கல்லூரிகளுக்கு மாற்றினார்கள். சிதம்பரத்தில் வீடு கட்டிக் குடியேறியவர்கள், பெண்டு பிள்ளைகளை இங்கே விட்டுவிட்டு எங்கெங்கோ போக வேண்டியிருந்தது. வீட்டுக்காரி பாடு என்னவாக இருந்திருக்கும்!

முத்தையா செட்டியார் மறைந்த மறு வருஷம், 1985-ல், அவர் பெயரில் இங்கே மருத்துவக் கல்லூரி தோன்றியது. அரசு நிர்வாகத்துக்கு வந்த பிறகும் அங்கே கட்டணம் மட்டும் மற்ற அரசுக் கல்லூரிகளைவிடப் பல மடங்கு இருந்தது. 2020 கடைசியிலும் 2021 தொடக்கத்திலும் மாணவர்கள் வாரக் கணக்கில் போராடினார்கள். கல்லூரி சுகாதாரத் துறையிடம் போயிற்று, கட்டணம் இறங்கியது. பெயரும் மாறியது. இப்போது அது அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி. கடலூரில் இறங்கித் தேடினால் கிடைக்காது. சிதம்பரத்துக்குத்தான் வர வேண்டும்! மகள் டாக்டராக வேண்டும் என்று சீட்டுப் போட்டுப் பணம் சேர்க்கிற தாய்க்குக் கட்டணம் இறங்கியதுதான் பெரிய விஷயம். அந்த வகையில் மாற்றம் நல்லதே. ஆனாலும் கொடுத்த குடும்பத்தின் பெயரை ஒரு மூலையிலாவது வைத்திருக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

திரும்புகையில் ரயில் நிலையத்தருகே ஷேர் ஆட்டோவுக்கு நின்றோம். கையில் மருந்துச் சீட்டோடு ஒரு பாட்டி வந்து, "ராஜா முத்தையா ஆஸ்பத்திரிக்குப் போகுமாப்பா?" என்று கேட்டாள்.

"போகும் ஆயா, ஏறு. இருபது ரூபாய்."

"போன மாசம் பதினைந்துதானே கொடுத்தேன்!" என்று பாட்டி பேரத்தை ஆரம்பித்தாள்.