தஞ்சாவூர்ச் சித்தியின் பரோடா

கோடை விடுமுறையில் பரோடா போனால் ஊர் சுற்றிக் காட்டுவது சித்திதான். சித்தப்பாவுக்குக் கோயலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் ஷிப்ட் வேலை. பாதிப் பகல் தூக்கத்திலேயே போய்விடும். சித்தி தஞ்சாவூர்க்காரி. பரோடா தஞ்சாவூருக்குச் சேரவேண்டிய சொத்து, ஏதோ பாகத் தகராறில் குஜராத்தில் மாட்டிக்கொண்டது என்கிற தோரணையில்தான் கூட்டிப்போவாள்.

லட்சுமி விலாஸ் அரண்மனை முன்னால் நிறுத்தி, "இது யார் வீடு தெரியுமாடா? நம்ம ஊர்ப் பொண்ணு வாக்கப்பட்ட வீடு" என்பாள். பொய்யில்லை. 1880இல் மூன்றாம் சயாஜிராவ் கெய்க்வாட்டை மணந்து வந்த சிம்னாபாய், தஞ்சாவூர் மராத்தியக் குடும்பத்துப் பெண். பிறந்த வீட்டுப் பெயர் லட்சுமிபாய். சீதனத்தோடு சதிர் ஆடுகிறவர்களும் நட்டுவனார்களும் வந்தார்கள். காந்திமதி, கௌரா என்று அந்த ஆட்டக்காரிகளின் பெயரைச் சித்தி ஏதோ கூடப் படித்தவர்களைப்போலச் சொல்வாள். சயாஜிராவின் சிறுவயதில் ராஜ்யத்தைப் பார்த்துக்கொண்ட திவான் மாதவராவ் கும்பகோணத்துக்காரர். அரண்மனை வேலையைத் தொடங்கிய மேஜர் மான்ட் 1881இல் இறந்துபோக, முடித்துக்கொடுத்த சிஷோல்ம் நம் சென்னை செனட் ஹவுஸைக் கட்டியவர்.

"அப்புறம் இவங்களுதுன்னு என்னடா மிச்சம்?"

கோபுரமும் குவிமாடமும் வளைவுமாக, எந்தப் பாணியையும் விட்டுவைக்காத கட்டடம் அது. எனக்கு அப்போதே கொஞ்சம் அதிகப்படியாகப் பட்டது. ஆனால் சித்தி எதிரில் அதைச் சொல்ல முடியுமா? சிம்னாபாய் 1885லேயே போய்விட்டாள். அரண்மனை முடிந்தது 1890இல். "குடிபோகக் கொடுத்துவைக்கலை பாவம்" என்று ஒவ்வொரு தடவையும், போன வாரம் நடந்த சாவுபோல உச்சுக்கொட்டுவாள். ராவ்புராவில் சிம்னாபாய் பெயரில் 1896இல் எழுப்பிய மணிக்கூண்டைக் கடந்தால் கைக்கடிகாரத்தைத் திருப்பி மணி சரிபார்ப்பாள். அதற்காகவே ஆட்டோவை மெதுவாகப் போகச் சொல்வாள்.

எனக்கான இடம் சயாஜி பாக். அதை அங்கே கமாட்டி பாக் என்பார்கள். உள்ளே இருக்கும் அருங்காட்சியகத்தில் நீலத் திமிங்கிலத்தின் எலும்புக்கூடு ஒன்று, எழுபதடிக்கு மேல். விலா எலும்புகளை எண்ண ஆரம்பித்து, பாதியில் விட்டு, மறுபடி தலையிலிருந்து தொடங்குவேன். மகி ஆற்று முகத்துவாரத்தில் வந்து ஒதுங்கியதாம். இன்னொரு பக்கம் எகிப்து மம்மி படுத்திருந்தது. இவற்றைத் தஞ்சாவூர்க் கணக்கில் எழுத வழியில்லாததால் சித்தி பெஞ்சில் உட்கார்ந்து காலை நீவிக்கொண்டிருப்பாள்.

வெளியே வந்ததும் லீலோ சேவ்டோ பொட்டலம். உருளைக்கிழங்கும் கடலைப்பருப்பும், கூடவே காரமும் இனிப்பும் புளிப்பும். எனக்கு உள்ளங்கையை நக்கும் அளவுக்குப் பிடிக்கும். சித்தி ஒரு வாய் போட்டுக்கொண்டு, "சர்க்கரை போடாம இவங்களுக்கு ஒண்ணுமே பண்ண வராது" என்பாள். அரண்மனையைக்கூட ஒரு நாள் விட்டுக்கொடுத்திருப்பாளோ என்னவோ, பருப்பில் வெல்லம் போட்டதை மட்டும் குஜராத்துக்கு அவள் மன்னிக்கவே இல்லை.