பெரிய திரையும் மூடிய ஜன்னலும்

வழக்கமாக இந்தப் பக்கத்தில் ஒரு வேதபகுதியை எடுத்துக்கொண்டு அதன்மேல் தியானிப்போம். இந்த வாரம் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியைப் பற்றி எழுதுகிறேன். ஏன் என்பது வாசித்து முடிக்கையில் உங்களுக்குப் புரியும்.

சில மாதங்களுக்கு முன் போதுமென்ற மனதைக் குறித்துப் பிரசங்கித்தேன். அந்தப் பிரசங்கத்தில் ஓர் உதாரணம் சொன்னேன். ஓர் ஓட்டு வீடு. உள்ளே சுவரை நிறைக்கும் தொலைக்காட்சி. அந்த வீட்டுக்காரரோ பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கு உதவி கேட்டுக் குருமனை வாசலில் நிற்கிறார். பெயர் சொல்லவில்லை. ஆனால் நம்முடையது சிறிய சேகரம். பெயர் சொல்லவேண்டிய அவசியமே இருக்கவில்லை. அடுத்த ஞாயிறு முதல் ஆலயத்தின் மூன்றாம் வரிசையில் ஒரு குடும்பத்தின் இடம் காலியாக இருந்தது. வசனம் அவரைக் குத்திவிட்டது என்று நான் எண்ணிக்கொண்டேன். என் மனச்சாட்சி அன்று நிம்மதியாகத்தான் இருந்தது.

டிசம்பர் மாதத்தில், பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகன் தொலைபேசியில் அழைத்தான். நான் குருப்பட்டம் பெற்று இருபத்தைந்து ஆண்டுகள் நிறைவடைவதை முன்னிட்டு, வீட்டிலுள்ள பழைய 32 அங்குலப் பெட்டியை மாற்றி நல்லதொரு தொலைக்காட்சி வாங்கித் தர விரும்பினான். “அப்பா, நீங்க கடைக்குப் போய்ப் பார்த்துட்டுச் சொல்லுங்க” என்றான். வேண்டாம் என்று ஒருமுறை சொன்னேன். இரண்டாம் முறை சொல்லவில்லை.

திருநெல்வேலியில் ஒரு பெரிய கடைக்குப் போனேன். விளக்குகள் மங்கலாக்கப்பட்ட ஓர் அறையில் 65 அங்குல ஓஎல்இடி திரை ஒன்று மாட்டப்பட்டிருந்தது. கரிய பின்னணியில் ஒரு மலர் மெல்ல விரிந்தது. நான் பார்த்திருந்த எந்தத் திரையிலும் கருமை அப்படிக் கருமையாக இருந்ததில்லை. ஏன் என்று கேட்டேன். விற்பனையாளரான இளைஞர் பொறுமையாக விளக்கினார். மீதியை அடுத்த இரண்டு வாரங்களாக, மனைவி உறங்கியபின், நானே தேடித் தேடி வாசித்தேன்.

நம் வீடுகளிலுள்ள எல்சிடி, எல்இடி பெட்டிகளில் திரைக்குப் பின்னால் எப்போதும் விளக்கு எரிகிறது. முன்னால் உள்ள திரவப் படிகங்கள் கதவுகளைப்போலத் திறந்தும் மூடியும் அந்த ஒளியை அளந்து விடுகின்றன. இருட்டைக் காட்டவேண்டிய இடத்தில் கதவு மூடினாலும் ஒளி கொஞ்சம் கசிகிறது. அதனால்தான் நள்ளிரவுக் காட்சியில் வானம் சாம்பல் நிறமாகத் தெரிகிறது. மினி எல்இடி என்னும் வகையில் பின்விளக்கை நூற்றுக்கணக்கான பகுதிகளாகப் பிரித்து, தேவையான இடத்தை மட்டும் அணைக்கிறார்கள். ஓஎல்இடியில் பின்விளக்கே இல்லை. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிறது. இருட்டு வேண்டுமானால் தானே அணைந்துவிடுகிறது.

இதற்கு வழிதிறந்தவர்கள் புகைப்படச் சுருளுக்குப் பெயர்பெற்ற கோடாக் நிறுவனத்தின் ஆய்வாளர்களான சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் ஆகிய இருவர். அவர்களுடைய ஆய்வுக்கட்டுரை 1987-இல் வெளிவந்தது. இருபது ஆண்டுகள் கழித்து, 2007-இல், சோனி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் ஓஎல்இடி தொலைக்காட்சியின் அளவு 11 அங்குலம்தான். 2013-இல் 55 அங்குலப் பெட்டி அமெரிக்காவில் 14,999 டாலருக்கு வந்தது. அன்றைய மதிப்பில் ஏறத்தாழ ஒன்பது லட்சம் ரூபாய். இன்று அதைவிடப் பெரிய திரை, நான் நின்ற கடையில், இரண்டு லட்சத்தை ஒட்டிய விலையில் இருந்தது.

அதற்கும் மேலே மைக்ரோ எல்இடி இருக்கிறது. 4கே திரை ஒன்றில் 82,94,400 புள்ளிகள் உண்டு. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று விளக்குகள். ஆக ஏறத்தாழ இரண்டரைக் கோடி நுண்விளக்குகளை ஒரே பலகையில் பிழையின்றிப் பொருத்தவேண்டும். பத்தாயிரத்துக்கு ஒன்று மட்டுமே பழுதாகிறது என்று வைத்துக்கொண்டாலும், ஒரே திரையில் சுமார் 2,500 விளக்குகள் எரியாமற்போகும். அவை ஒவ்வொன்றையும் கண்டுபிடித்து மாற்றவேண்டும். 2023-இல் இந்தியாவில் அறிமுகமான 110 அங்குல மைக்ரோ எல்இடி தொலைக்காட்சியின் விலை 1,14,99,000 ரூபாய். ஒரு கோடியே பதினைந்து லட்சம்! இதை வாசித்தபோது லூக்கா 15-ஆம் அதிகாரத்து மேய்ப்பனை நினைத்துக்கொண்டேன். தொண்ணூற்றொன்பது பத்திரமாக இருப்பது போதாதென்று தொலைந்த ஒன்றைத் தேடிப் போனவன் அவன். திரை செய்கிறவர்கள் எரியாத ஒரு விளக்கைத் தேடுகிறார்கள். மூன்றாம் வரிசையில் காலியாகிப்போன இடத்தை நான் தேடியிருந்தேனா? இல்லை. அப்போதும் அந்தக் கேள்வி என்னைத் தொடவில்லை. பிரசங்கத்துக்கு நல்ல குறிப்பு கிடைத்தது என்று எழுதி வைத்துக்கொண்டேன்.

பிரியமானவர்களே, ஆசை அறிவின் உடையை அணிந்துகொண்டு வருவதை அந்த இரண்டு வாரங்களில் கண்டேன். என் அறிவு வேண்டாம் என்பதற்கான காரணங்களையும் சொல்லத்தான் செய்தது. 55 அங்குல 4கே திரையில் ஒரு புள்ளியின் அகலம் மூன்றில் ஒரு மில்லிமீட்டரைவிடச் சற்றுக் குறைவு. நல்ல பார்வையுள்ள கண்கூட ஒரு மீட்டருக்குச் சற்று அப்பால் போனால் அந்தப் புள்ளிகளைத் தனித்தனியே பிரித்துக் காணாது. நாமோ எட்டடி, பத்தடி தள்ளி அமர்ந்து பார்க்கிறோம். அப்படியிருக்க, அதே அளவில் நான்கு மடங்கு புள்ளிகள் கொண்ட 8கே எதற்கு? மேலும், நாம் பார்க்கும் சேனல்களில் பெரும்பாலானவை 4கே தரத்தில் வருவதே இல்லை. மீதியைப் பெட்டி கணித்து நிரப்புகிறது. கடையில் ஓடும் காட்சியோ அந்தத் திரைக்கென்றே தேர்ந்தெடுக்கப்பட்டது. இத்தனையும் அறிந்தபின்னும் என் மனம் அந்தக் கரிய பின்னணியில் விரிந்த மலரிடமே போயிற்று. தலையங்கம் வாசிக்கிறவனைப்போல விலைப்பட்டியலை வாசித்தேன்.

ஓர் இரவு ஓஎல்இடியின் குறை ஒன்றைப்பற்றி வாசித்துக்கொண்டிருந்தேன். அந்தப் புள்ளிகள் கரிமச் சேர்மங்களால் ஆனவை. எரிய எரியத் தேய்கிறவை. சேனலின் சின்னம் போன்ற அசையாத உருவம் ஒரே மூலையில் மிக நெடுங்காலம் நின்றால், அந்த இடத்துப் புள்ளிகள் மட்டும் வேறுவிதமாகத் தேய்ந்துபோகும். பிறகு சேனலை மாற்றினாலும் அந்தச் சின்னத்தின் நிழல் திரையில் நிற்கும்.

அந்த வரியில் நின்றுவிட்டேன். என்னிலும் அப்படி ஒரு நிழல் உண்டு.

1983 என்று நினைவு. எனக்குப் பதின்மூன்று வயது. கடலோரத்தை ஒட்டிய எங்கள் பனங்காட்டு ஊரில் ஒரே ஒரு வீட்டில்தான் தொலைக்காட்சி இருந்தது. சென்னை தூர்தர்ஷன் எங்களுக்கு எட்டவில்லை. உயரக் கம்பத்தில் ஆன்டெனா கட்டினால், கடல்தாண்டி இலங்கையின் ரூபவாகினி வரும். பாதி நேரம் புள்ளிமழைதான். அதையும் அந்த வீட்டு ஜன்னல் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நாங்கள் ஏழெட்டுப் பிள்ளைகள் பார்ப்போம். ஒரு மாலையில் உள்ளிருந்து ஒரு கை வந்தது, ஜன்னலைச் சாத்தியது. யாரும் எங்களைத் திட்டவில்லை. கதவு மூடும் சத்தம் மட்டுமே கேட்டது. அன்று நான் வீட்டுக்கு நடந்த பாதையில் எத்தனை பனைகள் நின்றன என்று இன்றைக்கும் சொல்வேன்.

அந்த மலர் விரிந்த திரைமுன் நான் ஏன் அவ்வளவு நேரம் நின்றேன் என்பது அப்போதுதான் விளங்கியது. அதைத் தொடர்ந்தே இன்னொன்றும் விளங்கியது. 2 சாமுவேல் 12-ஆம் அதிகாரத்தில், ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடித்துக்கொண்ட ஐசுவரியவானின் கதையை நாத்தான் சொல்லக் கேட்டுத் தாவீது கோபமூண்டான். தீர்ப்பும் சொன்னான். அந்தக் கதை தன்னைப் பற்றியது என்பது அவனுக்குத் தெரியவில்லை. இறையியல் கல்லூரியில் அந்த அதிகாரத்தைப் பற்றித் தேர்வெழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவன் நான். மற்றொருவருடைய தொலைக்காட்சியைப் பிரசங்கபீடத்தில் நிறுத்தித் தீர்ப்புச் சொன்ன நான், அதைவிடப் பல மடங்கு விலையுள்ள ஒன்றை இரவெல்லாம் விரும்பிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மாலை அந்தச் சகோதரருடைய வீட்டுக்குப் போனேன். அவர் சரக்கு வாகனம் ஓட்டுகிறவர். நாற்காலியைத் துடைத்துப் போட்டார். சுவரைப் பார்த்தேன். இரண்டு வாரம் அங்குலக் கணக்கில் வாழ்ந்த கண்ணல்லவா? அது 43 அங்குலம். சாதாரண எல்இடி. நான் பிரசங்கத்தில் சொன்னதுபோல அது சுவரை நிறைக்கவில்லை. சுவரில் பாதிகூட இல்லை.

“தம்பி, நான் உங்ககிட்ட மன்னிப்புக் கேட்க வந்திருக்கேன்” என்றேன்.

அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “ஐயா, அது போன வருஷமே தவணை கட்டி முடிச்ச டிவி. பிள்ளைங்க பக்கத்து வீட்டு வாசல்ல நின்னு பார்த்துக்கிட்டிருந்தாங்க. அது எனக்குப் பொறுக்கல. ஃபீஸ் கட்ட முடியாமப் போனதுக்கு வண்டி ரிப்பேர்தான் காரணம். நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.”

நீங்க கேட்டிருந்தா. எத்தனையோ கண்டனங்களைக் கேட்டிருக்கிறேன். இவ்வளவு சாந்தமான ஒன்றை, இவ்வளவு நீதியான ஒன்றைக் கேட்டதில்லை. பிள்ளைகள் பிறர் வாசலில் நிற்பது தகப்பனுக்கு எப்படியிருக்கும் என்பதை உலகத்தில் வேறு யார் அறியாவிட்டாலும் நான் அறிந்திருக்கவேண்டும். அறிந்தவனே அவர்மேல் ஜன்னலைச் சாத்தினேன்.

சபையார் முன்பாகச் சொன்னதைச் சபையார் முன்பாகவே திருத்துகிறேன் என்றேன். அவர் தலையசைத்து மறுத்தார். “வேண்டாம் ஐயா. பிள்ளைங்க உட்கார்ந்திருப்பாங்க. மறுபடியும் எல்லாரும் திரும்பிப் பார்ப்பாங்க. எழுதணும்னா எழுதுங்க.” ஆகவே எழுதுகிறேன். அன்று என் பிரசங்கத்தைக் கேட்டு அவரைத் திரும்பிப் பார்த்த ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன்: நான் சொன்னது உண்மையல்ல. விசாரியாமல் சொன்னேன். தவறு என்னுடையது.

தொலைக்காட்சி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். வேண்டவே வேண்டாம் என்று மகனிடம் சொன்னேன். “உங்களுக்கு ஒண்ணு வாங்கித் தரணும்னு ஆசைப்பட்டேன்பா” என்றான். அவன் குரலில் வருத்தம் இருந்தது. பிள்ளையின் அன்பை மறுத்துப் பரிசுத்தனாகக் காட்டிக்கொள்வதும் ஒருவகைப் பெருமைதான் என்று என் மனைவி சொன்னாள். அதுவும் சரியே. கடைசியில் 43 அங்குலப் பெட்டி ஒன்றை அவன் வாங்கி அனுப்பினான். நன்றாகவே தெரிகிறது. இரவுக் காட்சிகளில் வானம் சற்றுச் சாம்பலாக இருக்கிறது.

அருமையானவர்களே, நல்ல தொலைக்காட்சி வாங்குவது பாவமென்று நான் சொல்லவில்லை. இருட்டை இருட்டாகவும் ஒளியை ஒளியாகவும் காட்டும் திரையைச் செய்யும் ஞானமும் தேவன் மனிதனுக்குக் கொடுத்ததே. ஆனால் வாங்குமுன் மூன்று கேள்விகளை உங்களிடமே கேட்டுப் பாருங்கள். இதைக் கடன்படாமல் வாங்க இயலுமா? இதை நான் எவ்வளவு தூரத்தில் அமர்ந்து, யாரோடு பார்க்கப்போகிறேன்? எந்தப் பழைய காயத்தை ஆற்றிக்கொள்ள இதை விரும்புகிறேன்? அடுத்த வீட்டுக்காரர் வாங்கும்போதோ, ஒரே ஒரு கேள்வி போதும்: அவரிடம் நான் கேட்டேனா?

அந்தக் குடும்பம் கடந்த இரண்டு ஞாயிறுகளாக ஆராதனைக்கு வருகிறது. கடைசி வரிசையில் அமர்கிறார்கள். மூன்றாம் வரிசையில் அந்த இடம் இன்னும் காலியாகவே இருக்கிறது. அதை வேறு யாருக்கும் கொடுக்கவேண்டாம் என்று உபதேசியாரிடம் சொல்லியிருக்கிறேன்.

ஜெபிப்போம்: அன்பின் பரலோகப் பிதாவே, எங்கள் கண்களைப் பெரியவற்றின் மேலும் பிறர் குற்றங்களின் மேலும் நெடுநேரம் நிறுத்திவைத்தோம், அவற்றின் நிழல் எங்களில் பதிந்திருக்கிறது. அதைக் கழுவி நீக்கும். தீர்ப்புச் சொல்லுமுன் விசாரிக்கும் பொறுமையைத் தாரும். நாங்கள் சாத்திய ஜன்னல்களை நாங்களே போய்த் திறக்க எங்களுக்குத் தாழ்மையைத் தாரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டிக்கொள்கிறோம், நல்ல பிதாவே. ஆமென்.