போர்டை விட்டு இறங்கி வந்த மார்க்கெட்!

சிகாகோவில் இருந்து காரில் தெற்கே சுமார் 200 கிலோமீட்டர். வழியெல்லாம் மக்காச்சோளக் காடு, நடுநடுவே ராட்சசக் காற்றாலைகள். வாபாஷ் ஆற்றங்கரையில் ஒரு காலேஜ் டவுன் வருது. வெஸ்ட் லாஃபயெட். 1869-ல் தொடங்கிய பர்டியூ யுனிவர்சிட்டி இங்கேதான் இருக்கு.

கேம்பஸுக்கு வர்றவங்க முதலில் கேமராவைத் தூக்குறது நீல் ஆம்ஸ்ட்ராங் சிலை முன்னாடிதான். இங்கே படிச்சு 1955-ல் பட்டம் வாங்கியவர் ஆச்சே! மாணவர் கெட்டப்பில் ஹாயா உட்கார்ந்திருக்கார்.

எகனாமிக்ஸ் பசங்களுக்கு இங்கே இன்னொரு ஹீரோ உண்டு. அதே 1955-ல் பாடம் நடத்த வந்த வெர்னன் ஸ்மித். முதல் செமஸ்டரிலேயே அவருக்குத் தலைவலி. டிமாண்ட் கோடும் சப்ளை கோடும் வெட்டிக்கிற இடம்தான் விலைன்னு போர்டில் போட்டாச்சு. நிஜ சந்தையில் அந்தக் கோடுகளை யார் பார்க்கிறாங்க? அப்புறம் எப்படி அந்த விலை வரும்?

அவர் ஹார்வர்டில் படிச்சப்போ, பேராசிரியர் சேம்பர்லின் வகுப்பிலேயே ஒரு டம்மி சந்தை நடத்துவார். மாணவர்கள் அறையைச் சுற்றி வந்து தனித்தனியா பேரம் பேசணும். புத்தகம் சொன்ன விலை வராது. தியரி நிஜத்துக்கு ஒத்து வராதுங்கிறதுதான் அதில் பாடம்.

ஸ்மித் ரெண்டே ரெண்டு மாற்றம் செய்தார். பேரத்தை எல்லார் காதிலும் விழற மாதிரி சத்தமா சொல்லணும். ஒரே சந்தையைத் திரும்பத் திரும்ப நடத்தணும். 1956 ஜனவரி, புது செமஸ்டர். 11 பேர் வாங்குறவங்க, 11 பேர் விற்கிறவங்க. ஒவ்வொருத்தர் கையிலும் ரகசிய விலை எழுதின ஒரு அட்டை. தியரிப்படி விலை 2 டாலர். அது மாணவர்களுக்குத் தெரியாது. முதல் சுற்றில் சராசரி விலை 1.80 டாலர். ஐந்தாவது சுற்றில் 2.03 டாலர்!

ஸ்மித்தே அசந்துட்டார். தொடர்ந்து பல வகுப்புகளில் நடத்திப் பார்த்து 1962-ல் கட்டுரையா வெளியிட்டார். 2002-ல் நோபல் பரிசு. இப்போ பர்டியூவில் அவர் பெயரிலேயே ஓர் ஆய்வுக்கூடம் இருக்கு.

கதை சுபம்னு எழுந்துடாதீங்க. இதே பர்டியூவின் பேராசிரியர் மைக்கேல் வாட்ஸ், வில்லியம் பெக்கரோடு சேர்ந்து 1995-ல் அமெரிக்கா முழுக்க எகனாமிக்ஸ் வாத்தியார்களிடம் ஒரு சர்வே எடுத்தார். வழக்கமான வகுப்பில் 83 சதவீத நேரம் லெக்சர்தான்! சந்தையை வகுப்புக்குள்ளேயே கொண்டு வந்து காட்டி 40 வருஷம் ஆகியும், சாக்பீஸ் கீழே இறங்கலை.

காரணம் சோம்பேறித்தனம் மட்டும் இல்லை. சிலபஸ் முடியணும். விளையாட்டுக்கு ஒரு பீரியட் போனா ஒரு சாப்டர் போச்சு. அந்த ஒரு பீரியட் வீணா, லாபமா? இதை அளந்து பார்க்கிறதே இன்னிக்குத் தனி ஆராய்ச்சி. அதுக்காக 1969-லேயே ஓர் ஆய்விதழ் வந்தாச்சு. அமெரிக்கப் பொருளாதாரச் சங்கம் 2011-ல் இதுக்குன்னே ஒரு மாநாடு தொடங்குச்சு.

மாநாடு வரைக்கும் நீங்க காத்திருக்க வேண்டாம் பாஸ். தேவை 22 அட்டை, ஒரு பீரியட், சத்தம் போட அனுமதி. மூணாவதை மட்டும் உங்க மேம்கிட்ட கேட்டு வாங்கிடுங்க!