பொம்மைத் துப்பாக்கியில் காட்டிய வீரம்

பசுமலைப்பட்டி துப்பாக்கி சுடும் தளத்தின் சத்தம் குளத்தூர் வட்டத்துக்காரர்களுக்குப் புதிதில்லை. 2021 டிசம்பர் 30 அன்று, மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையினர் பயிற்சி எடுத்த நேரத்தில், நார்த்தாமலையில் தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுப் பையன் தலையில் குண்டு பாய்ந்தது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஜனவரி 3 அன்று இறந்துபோனான்.

தளத்தை மூடச் சொல்லி ஊர்ச் சனம் மறியலில் உட்கார்ந்தது. நான் போகவில்லை. போலீஸோடு எதற்கு வம்பு என்று வீட்டிலேயே இருந்துவிட்டேன். உறுத்தல் மட்டும் போகவில்லை. அதைக் கொண்டுபோய்க் கொட்டிய இடம்தான் கேவலம். திருவிழாக் கமிட்டியில் எழுந்து, "இனிமே நம்ம ஊர்ல பொம்மைத் துப்பாக்கியே விக்கப்படாது" என்றேன். கைதட்டினார்கள். பலூன் சுடுகிற கடையையும் சேர்த்தே விரட்டினோம்.

பாசிமணியோடு பிளாஸ்டிக் துப்பாக்கியும் விரித்திருந்த நரிக்குறவர் அம்மா கெஞ்சியது: "கேப்புத் துப்பாக்கிதானே சாமி, இதுல யாருக்கு என்ன ஆவும்?" 1972 வனவிலங்குச் சட்டத்தோடு வேட்டை போய், பாசிமணிக்கு வந்த சனம் அது. மிச்சமிருந்த வியாபாரத்தில் நான் கைவைத்தேன். பிரிட்டனில் 2006இல் சட்டம் போட்டபோதுகூட, அசல் மாதிரி இருப்பதைத்தான் தடுத்தார்கள். பளிச்சென்ற நிறத்துப் பொம்மையை விட்டுவிட்டார்கள். எனக்கு அந்த நிதானமெல்லாம் இல்லை.

பையன்களுக்குச் சத்தம் வேண்டும். கேப் கிடைக்கவில்லை என்றதும், கடலைக்கொல்லையில் மயில் விரட்ட வைத்திருந்த பிவிசி குழாய் அவர்கள் கைக்கு வந்தது. அதில் கார்பைடு. அது சில நேரம் மக்கர் பண்ணும். என்னடா ஆச்சு என்று பையன் குழாய்க்குள் எட்டிப் பார்ப்பான், அப்போதுதான் வெடிக்கும். சூட்டை விடுங்கள், கார்பைடிலிருந்து தெறிக்கிற சுண்ணாம்பு கருவிழியை அரித்துவிடும். 2025 தீபாவளிக்கு மத்தியப் பிரதேசத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் சிறுவர்கள், இப்படித்தான் கண்ணில் கட்டோடு கிடந்தார்கள்.

எங்கள் தெருப் பையன் ஒருவனுக்கும் கண்ணில் அடிபட்டது. பார்வை இருக்கிறது, புகைமூட்டமாக. அவன் அம்மாவிடம், "பிள்ளையைக் கவனிக்கிறதில்லையா?" என்று நான்தான் முதலில் அதட்டினேன். அவள் என்னை எதுவும் கேட்டுவிடக் கூடாது என்ற பயம்.

தடை இன்னும் இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் குழாயையும் சேர்த்துத் தடுக்கலாமா என்று என்னிடமே யோசனை கேட்டார்கள். பழையதை எடுத்துவிடுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. பிறகு ஏன் போட்டீர் என்று கேட்பார்களே. "பார்ப்போம்" என்று டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.