சர்க்கரைக்கு நிறம் மாறவில்லை

ப்ளஸ் ஒன்னில் பயாலஜி குரூப் எடுத்துவிட்டுக் காலேஜில் பி.காம். சேர்ந்த ஆள் நான். ஏன் மாறினேன் என்பது தனிக்கதை, இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம். ஆனால் அந்த லேபில் நான் செய்த ஒரு திருட்டுத்தனத்தை இன்றைக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

உணவுப் பொருளில் மாவுச்சத்து, புரதம், கொழுப்பு, சர்க்கரை எது இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் அன்றைய பிராக்டிகல். நாலு சோதனை. படித்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், மறந்தவர்களுக்காக ஒரு சின்ன ரவுண்டு.

மாவுச்சத்துக்கு அயோடின். வடித்த கஞ்சியில் இரண்டு சொட்டு விட்டால் கருநீலமாகிவிடும். மாவுச்சத்தில் இருக்கும் அமைலோஸ் ஸ்பிரிங் மாதிரி சுருண்ட ஒரு சங்கிலி. அயோடின் அந்தச் சுருளுக்குள் போய் உட்கார்ந்துகொள்வதால்தான் அந்த நிறம். சூடு பண்ணினால் நிறம் போய்விடும், ஆறினால் திரும்பி வரும். உருளைக்கிழங்கை மெல்லிசாகச் சீவி அயோடின் விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், செல்லுக்குள் நீல நீல மணிகளாக மாவு தெரியும். வெங்காயத் தோலில் அதையே செய்தால் வெறும் பழுப்பு மஞ்சள்தான். வெங்காயம் மாவைச் சேர்த்து வைப்பதில்லை.

கொழுப்புக்கான சோதனை டீக்கடையில் தினமும் நடக்கிறது. பஜ்ஜி வைத்த பேப்பரை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் பட்ட இடம் காய்ந்தால் பழையபடி ஆகிவிடும். எண்ணெய் பட்ட இடம் கண்ணாடி மாதிரியே இருக்கும்.

புரதத்துக்கு பையூரெட். முட்டை வெள்ளைக்கருவில் கொஞ்சம் சோடியம் ஹைட்ராக்சைடு, அப்புறம் சில சொட்டு மயில்துத்தக் கரைசல். கத்திரிப்பூ நிறம் வரும். இதில் ஒரு வேடிக்கை, பையூரெட் கரைசலில் பையூரெட் கிடையாது! யூரியாவைச் சூடாக்கினால் கிடைக்கும் ஒரு பொருளின் பெயர் அது. அதுவும் இதே நிறத்தைக் கொடுப்பதால் பெயர் ஒட்டிக்கொண்டது.

நாலாவது, சர்க்கரைக்கு பெனடிக்ட் கரைசல். நீலமாக இருக்கும். சர்க்கரை சேர்த்துக் கொதிக்க வைத்தால் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று அளவைப் பொறுத்து மாறி, கடைசியில் செங்கல் சிவப்பு.

மாறி... என்றேனா? எனக்கு மாறவில்லை.

எனக்குக் கிடைத்தது சாதாரணச் சீனிக் கரைசல். நாக்கில் வைத்துப் பார்க்காமலே தெரியும், பாட்டிலில் எழுதியே இருந்தது. ஐந்து நிமிடம் கொதித்தும் அப்படியே நீலமாக நின்றது. பக்கத்தில் குளுக்கோஸ் கிடைத்தவன் டியூப் சிவப்பாகிவிட்டது. நான் என்ன செய்தேன்? அக்கம்பக்கம் பார்த்துவிட்டு ரெக்கார்ட் நோட்டில் 'செங்கல் சிவப்பு நிற வீழ்படிவு தோன்றுகிறது' என்று அழகான கையெழுத்தில் எழுதிவிட்டேன். கையெழுத்தும் கிடைத்தது, முழு மார்க்கும் கிடைத்தது.

பிற்பாடுதான் விஷயம் தெரிந்தது. என் டியூப் சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. பெனடிக்ட் தேடுவது 'இனிப்பை' அல்ல, தாமிரத்தை ஒடுக்கக்கூடிய சர்க்கரையை. குளுக்கோஸ் ஒடுக்கும், ஃப்ரக்டோஸ் ஒடுக்கும். சீனியில் இந்த இரண்டும் கைகோத்து நிற்கின்றன, அதுவும் வினை புரிய வேண்டிய கையையே கோத்துக்கொண்டு. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டுக் கொதிக்க வைத்து, கையைப் பிரித்து, ஆப்ப சோடாவால் அமிலத்தைச் சரிக்கட்டிவிட்டுச் சோதித்தால்தான் சிவக்கும். நீலம் என்று உண்மையை எழுதியிருந்தால் அன்றைக்கே இதைக் கற்றுக்கொண்டிருப்பேன்.

இதைச் சிரித்துக்கொண்டே ஒருநாள் பாட்டியிடம் சொன்னேன். பாட்டி அஞ்சாங்கிளாஸ். "அந்த நீலத் தண்ணியா? எங்கிட்டயே இருந்துச்சே" என்றது!

தாத்தாவுக்குச் சர்க்கரை வியாதி. நான் பிறக்கும் முன்பே போய்விட்டார். விரலில் குத்திப் பார்க்கும் மெஷின் எல்லாம் வீடுகளுக்கு வராத காலம். பெனடிக்ட் கரைசலை ஐந்து மில்லி ஊற்றி, எட்டுச் சொட்டு சிறுநீர் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் கொதிக்க வைத்துப் பார்ப்பது பாட்டியின் காலை வேலை. வந்த நிறத்தை மாசக் காலண்டரில் எழுதி வைக்குமாம். நீ, ப, ம, செ.

"நீலம்னா அன்னிக்கு ஒரு இட்லி கூட. பச்சைன்னா பரவாயில்ல. செங்கல் கலர் வந்துச்சுன்னா பஸ் ஏறி டாக்டர்கிட்ட ஓடுவோம்."

ஒரு கல்யாணத்துக்குப் போய் ஜாங்கிரியை ஒரு கை பார்த்துவிட்டு வந்த மறுநாள், தாத்தா "நீன்னு போட்டுடேன், டாக்டர் திட்டுவாரு" என்று கெஞ்சினாராம்.

"போட்டியா பாட்டி?"

"எப்படிடா போடறது? நீலம்னு பாத்துட்டு அவரு மாத்திரையக் குறைச்சுட்டா?"

எனக்கு அதற்கு மேல் சிரிப்பு வரவில்லை. அதே கரைசல், அதே நிறங்கள். நான் மார்க்குக்காக மாற்றி எழுதினேன். பாட்டி கட்டின புருஷன் கேட்டும் மாற்றவில்லை.

அந்த நீலத்துக்கும் ஓர் எல்லை உண்டு. ரத்தத்தில் சர்க்கரை ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டினால்தான் பொதுவாக அது சிறுநீரில் இறங்கும். ஆக நீலம் என்றால் 'சர்க்கரை இல்லை' என்று அர்த்தமில்லை, 'வழியவில்லை' என்றுதான் அர்த்தம். எந்தச் சோதனையும் நாம் கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லும், நாம் மனதில் நினைத்த கேள்விக்கு அல்ல.

இது தெரிந்தவன் நல்லவனாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2008-ல் சீனாவில் நடந்தது உதாரணம். கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் இருந்த யோஹான் கெல்டால் 1883-ல் ஒரு முறை கண்டுபிடித்தார். பொருளைக் கந்தக அமிலத்தில் வேகவைத்து, அதில் எவ்வளவு நைட்ரஜன் என்று அளந்து, ஓர் எண்ணால் பெருக்கினால் புரதம். பாலுக்கு அந்த எண் 6.38. அருமையான முறை, இன்றும் உபயோகத்தில் இருக்கிறது. ஆனால் அது அளப்பது நைட்ரஜனை, புரதத்தை அல்ல.

பாலில் தண்ணீர் கலந்தார்கள். புரதக் கணக்கு குறைந்தது. ஈடுகட்ட, பிளாஸ்டிக் தயாரிப்பில் பயன்படும் மெலமினைக் கலந்தார்கள். மெலமினில் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். நம்ம காமர்ஸ் கணக்குப்படி ஒரு கிராம் மெலமின், பேப்பரில் 4.25 கிராம் பால் புரதம்! பையூரெட் தேடும் பெப்டைடு பிணைப்பு மெலமினில் இல்லவே இல்லை. ஆனால் அந்தக் கேள்வியை அங்கே யாரும் கேட்கவில்லை. அந்தப் பால் பவுடரைக் குடித்ததில் ஏறத்தாழ மூன்று லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். பலருக்குச் சிறுநீரகத்தில் கல். அரசுக் கணக்கிலேயே ஆறு குழந்தைகள் இறந்துபோனார்கள். முந்தைய வருடம், 2007-ல், அமெரிக்காவில் நாய், பூனைத் தீனியில் இதே மெலமின் பிடிபட்டு விலங்குகள் செத்திருந்தன. அப்படியும்!

ஆடிட்டிங் வகுப்பில் இது அடிக்கடி ஞாபகம் வருகிறது. மார்ச் 31 அன்று பேங்கில் எவ்வளவு பணம் என்று பார்ப்பது ஒரு சோதனை. 30-ம் தேதி கைமாத்து வாங்கிப் போட்டு, ஏப்ரல் 2-ம் தேதி எடுத்துக் கொடுத்துவிட்டால் அதுவும் மெலமின்தான். பேலன்ஸ் பொய் இல்லை. கேள்விதான் போதவில்லை. அதையும் பார்க்காமலே டிக் அடித்தால், அது என் ரெக்கார்ட் நோட்டு.

அந்த நோட்டு இப்போது என்னிடம் இல்லை. பழைய பேப்பர்காரரிடம் கிலோ கணக்கில் போய்விட்டது. அதில் பஜ்ஜி மடித்துக் கொழுப்புச் சோதனைகூட நடந்திருக்கலாம் :-) ஆகவே திருத்தத்தை இங்கேயே எழுதிவிடுகிறேன்.

பொருள்: சீனிக் கரைசல். சோதனை: பெனடிக்ட். கொதிக்க வைத்த பின் நிறம்: நீலம். மாற்றம் இல்லை.